மெகர் 200 காட்டுச்சு, மூணாம் நாள் மோட்டார் போயிடுச்சு

இந்த இணைய இழைக்கு வந்த கேள்வி, ஏப்ரல் 9 காலை

"காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில மெயின்டெனன்ஸ் பாக்குறேன். சீசனுக்கு முன்னாடி எல்லா மோட்டாருக்கும் மெகர் போடுவோம், அதாவது வைண்டிங் கம்பி மேல இருக்கிற காப்போட தடையை அளப்போம். அமோனியா கம்ப்ரசர் மோட்டார், 160 கிலோவாட், 415 வோல்ட். காலையில 7 மணிக்கு 500 வோல்ட் மெகர்ல 200 மெகாஓம் காட்டுச்சு. நல்லா இருக்குன்னு ட்ரையல் ஓட்டினோம். மூணாம் நாள் டமார்னு ஒரு சத்தம், பிரேக்கர் டிரிப், கருகல் நாத்தம். முதலாளி 'மெகர் போட்டியா இல்லையா'ன்னு கேக்குறார். மெகர் பொய் சொல்லுமா அண்ணா? இதை முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருந்துச்சா?"

ஏப்ரல் 9, இரவு

மெகர் பொய் சொல்லாது தம்பி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். நீங்க கேட்ட கேள்வி, "தாமிரத்துக்கும் பாடிக்கும் நடுவுல கசிவு இருக்கா?" அவ்வளவுதான். ஒரே காயில்ல ஒரு சுத்துக்கும் பக்கத்துச் சுத்துக்கும் நடுவுல எனாமல் உரிஞ்சிருந்தா அது மெகர் கண்ணுக்குப் படவே படாது, ஏன்னா ரெண்டு பக்கமும் ஒரே கம்பி. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல இருக்கிற சுவரைத் தட்டிப் பாத்துட்டு, உள்ளே அண்ணன் தம்பி சண்டை இல்லைன்னு சொல்ற மாதிரி.

சுத்துக்குச் சுத்து ஷார்ட் ஆனா அந்த ஒரு சுத்து, ட்ரான்ஸ்ஃபார்மரோட ஷார்ட் ஆன செகண்டரி மாதிரி ஆயிடும். அதுக்குள்ள பாயற கரண்ட் ஃபுல் லோடைவிட பல மடங்கு. நொடிக்கணக்குலயோ நிமிஷக்கணக்குலயோ உருகி, பக்கத்துல இருக்கிறதைத் தின்னு, கடைசியா பாடிக்கு வரும். நீங்க கேட்ட டமார் அந்தக் கடைசிக் கட்டமா இருக்கணும்.

இன்னும் கடைக்கு அனுப்பலைன்னா ஒரு வேலை பண்ணுங்க. காயில் கட்டுற கடைக்காரர் வெட்டி, சூடு பண்ணி இழுத்துப் போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வையுங்க. வெட்டிட்டா சாட்சி போச்சு.

ஏப்ரல் 10, காலை

போட்டோ எப்படி எடுக்கணும்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு எண்ட் கவரையும் கழட்டி, ரோட்டரை உருவிட்டு, வட்டமா முழு வைண்டிங்கும் தெரியற மாதிரி ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. அப்புறம் கருகின இடம் கிட்டக்க. கனெக்‌ஷன் லீடு எந்தக் காயில்ல போய்ச் சேருதுன்னு தெரியணும், அது ரொம்ப முக்கியம்.

எரிஞ்ச வைண்டிங் பேசும். வட்டம் முழுக்க ஒரே மாதிரி கருத்திருந்தா ஓவர்லோடு, இல்லை காத்து வழி அடைச்சிருக்கு. கோலம் போட்ட மாதிரி ஒரு கூட்டம் கருப்பு, ஒரு கூட்டம் சிவப்புன்னு மாறி மாறி வந்தா ஒரு பேஸ் போயிருக்கு. காயில்களை டெல்டாவா இணைச்சிருந்தா ஒரு பேஸ் காயில் மட்டும் கருகும், ஸ்டாரா இணைச்சிருந்தா ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு புதுசா இருக்கும். மத்தது எல்லாம் பளபளன்னு வார்னிஷோட இருக்க, ஒரே ஒரு காயில்ல மட்டும் தாமிரம் உருகி மணியாத் தெறிச்சிருந்தா சுத்து ஷார்ட். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பர்கூர்ல காயில் கட்டுற ஒரு மாமா. ஏழாவதோட படிப்பை விட்டவர். எரிஞ்ச மோட்டாரைக் கொண்டு போய் வெச்சா, டீ குடிச்சுக்கிட்டே ஒரு சுத்து சுத்தி வந்து, "உங்க ஃபியூஸ் கேரியர்ல ஒண்ணு லூஸ், போய்ப் பாரு" ன்னு சொல்லி அனுப்புவார். மோட்டார் எந்த ஆலைன்னுகூட கேக்க மாட்டார்.

ஏப்ரல் 10, இரவு 11 மணி

200 நல்ல ரீடிங்தானான்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். மின் பொறியாளர் சங்கமான ஐஇஇஇ போட்ட 43-ங்கிற வழிகாட்டில, 1 கிலோவோல்ட்டுக்குக் கீழ உள்ள மோட்டாருக்குக் குறைஞ்சபட்சம் 5 மெகாஓம் இருந்தா போதும். 1970-க்கு அப்புறம் வந்த ஹெச்டி (உயர் அழுத்த) மெஷின், அதாவது கட்டியான பட்டைக் கம்பியில அச்சுல வெச்சு செஞ்ச காயில் உள்ளது, 100 மெகாஓம். அதுக்கும் பழசுன்னா கிலோவோல்ட்டோட ஒண்ணு கூட்டினா வர்ற மெகாஓம். எல்லாம் 40 டிகிரி சூட்டுக்கு மாத்தின கணக்கு.

தம்பி எடுத்தது காலை 7 மணி, வைண்டிங் 25 டிகிரின்னு வெச்சுக்குவோம். பத்து டிகிரிக்கு ஒரு தடவை ரெட்டிப்பு. அப்போ 15 டிகிரிக்கு 2.8 மடங்கு. 200 பெருக்கல் 2.8, சுமார் 566 மெகாஓம். பேஷான ரீடிங்.

ஏப்ரல் 11, காலை 6 மணி

மேல போட்ட கணக்கு தலைகீழ். ஓசூர்ல இருந்து ஒரு பையன் தனியா மெசேஜ் பண்ணித் திருத்தினான், நல்லா இரு. சூடு ஏற ஏற காப்புத்தடை இறங்கும். 25-ல 200 இருந்தா 40-ல அது 71 மெகாஓம்தான். பெருக்கக் கூடாது, வகுக்கணும். முப்பது வருஷம் இதே வேலை பாத்தவன் ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்குப் போட்டா இப்படித்தான். மேல உள்ளதை அழிக்கல, கிடக்கட்டும்.

71-ம் 5-ஐவிட ரொம்ப மேலதான், அதனால "புத்தகப்படி பாஸ்". இந்த பத்து டிகிரி விதி பழைய காப்புக்குச் சரியா வரும், இப்போ வர்ற எபாக்சி காப்புக்குக் கணக்கு கொஞ்சம் வேற. அப்புறம் இன்னொண்ணு: வைண்டிங் பனி படியற அளவுக்குக் குளிர்ந்து கிடந்தா எந்தக் கணக்கும் செல்லாது. மேல ஈரம் பூத்துக் கிடக்கும், நீங்க அளக்கறது அந்த ஈரத்தை. மார்கழி காலைல தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மெகர் போட்டவங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 13

"இதெல்லாம் சின்ன மோட்டார், பெரிய மெஷின்ல எப்படி" ன்னு கேள்வி. என் கதையைச் சொல்லித்தான் ஆகணும், ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாதது.

ஓசூர் பக்கம் ஒரு ஆலை, பேர் வேண்டாம். 6.6 கிலோவோல்ட் கம்ப்ரசர் மோட்டார். வருஷா வருஷம் ஷட்டவுன்ல மெகர் போடுவோம், ஒரு நிமிஷ ரீடிங் எப்பவும் மூவாயிரம் மெகாஓமுக்கு மேல. பத்து நிமிஷ ரீடிங்கை ஒரு நிமிஷ ரீடிங்கால வகுத்தா ரெண்டுக்கு மேல வரணும்பாங்க, அதுவும் வரும். எங்க ரெஜிஸ்டர்ல அந்த மோட்டார்தான் முதல் ரேங்க்.

ஒரு ஐப்பசி ராத்திரி ஷிப்ட். பக்கத்துல போனா ஒரு வாசனை. கருகல் இல்லை. பக்கத்துல இடி விழுந்ததும் காத்துல ஒரு காரமான நெடி வருமே, அது. ஓசோன்னு பிறகுதான் தெரியும். அன்னிக்கு வெளியே மழை, இடியும் இருந்துச்சு, அதனால வெளிய இருந்து வர்றதுன்னு விட்டுட்டேன்.

அடுத்த ஷட்டவுன்ல கவரைக் கழட்டினோம். ஸ்லாட்ல இருந்து, அதாவது காயில் உக்கார்ற இரும்புக் காடியில இருந்து, காயில் வெளியே வர்ற இடத்துல, நாலஞ்சு காயில்ல மட்டும் வெள்ளைப் பொடி. கோலமாவு விரல்ல ஒட்டின மாதிரி. தூசுன்னா எல்லாக் காயில்லயும்தானே இருக்கணும்? இது லைன் பக்கத்துக் காயில்கள்ல மட்டும். நியூட்ரல் பக்கம் சுத்தமா இருந்துச்சு. லைன் பக்கம் பாடிக்கு 3800 வோல்ட், நியூட்ரல் பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. வோல்டேஜ் இருக்கிற இடத்துல மட்டும் பொடி. இதைவிடத் தெளிவா ஒரு மெஷின் என்னதான் சொல்லும்?

நான் என்ன பண்ணேன் தெரியுமா? பனியன் துணி எடுத்துத் துடைச்சேன். அழகா, ஒவ்வொரு காயிலா. ரெஜிஸ்டர்ல "வைண்டிங் சுத்தம் செய்யப்பட்டது, மெகர் நன்று" ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எட்டாவது மாசம் காப்பு உடைஞ்சு பாடிக்குக் கரண்ட் போய், எர்த் ஃபால்ட் ரிலே மோட்டாரை நிறுத்திடுச்சு. பிரிச்சுப் பாத்தா ஸ்லாட் ஆப்பு எல்லாம் ஆடுது. சின்னச் சுத்தியால தட்டினா நல்ல ஆப்பு "டிக்"னு இறுக்கமாச் சொல்லும். இது "டொக் டொக்" னு காலிப் பானை. ஆப்பு தளர்ந்து, காயில் ஸ்லாட்டுக்குள்ள நொடிக்கு நூறு தடவை ஆடி, மேல பூசின கருப்புக் கடத்திப் பூச்சு தேய்ஞ்சு, இரும்புக்கும் காயிலுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து, அந்த இடைவெளியில காத்து பொறி பொறியா உடைஞ்சிருக்கு. அதோட சாம்பல்தான் நான் துடைச்ச வெள்ளைப் பொடி.

அந்த எட்டு மாசமும் மெகர் மூவாயிரத்துக்கு மேலதான் காட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் காத்துக்கு சுமார் 3000 வோல்ட் தேவை உடையறதுக்கு. காப்புக்குள்ள சின்னக் குமிழி இருந்தா, காப்புப் பொருளைவிட அந்தக் காத்துக்குள்ள மின்புலம் பல மடங்கு அழுத்தமா விழும். ஓடும்போது ஏசி அழுத்தத்துல ஒவ்வொரு சுழற்சிக்கும் அது உடையும், அடங்கும், திரும்ப உடையும். பாதி மின்னிறக்கம்னு சொல்றது அதைத்தான், ஆங்கிலத்துல சுருக்கி 'பிடி' ம்பாங்க. டிசி மெகர் ஒரு நிமிஷம் அழுத்தினா இது வெளிய தெரியாது, சுவர் இன்னும் நிக்குதே.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. வீட்ல மாங்காய்ப் பச்சடி. மோட்டார் பத்தி இன்னிக்குப் பேச மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

ஏப்ரல் 14, மாலை

ஒரு விஷயம் மட்டும். 'இவ்வளவு பொறி பறந்தும் எப்படி எட்டு மாசம் தாங்குச்சு' ன்னு அரூர் நண்பர் கேட்டதுக்கு. காக்காப்பொன்னுதான் காரணம். சின்ன வயசுல நாம கல்லுக்காட்டுல பொறுக்கி, ஏடு ஏடா உரிச்சு, நோட்டுக்குள்ள வெச்சு விளையாடினோமே, அதேதான், மைக்கா. ஹெச்டி காயில் மேல சுத்தற டேப்புல அதைத்தான் தூளாக்கிப் படிய வெச்சிருப்பாங்க. கல் ஜாதி, அதனால பொறி அதைச் சீக்கிரம் தின்ன முடியாது. சுத்தி இருக்கிற ரெசினைத்தான் தின்னும். சாதா எனாமலும் பாலியெஸ்டர் படலமும் இந்த மாதிரி பொறிக்கு முன்னாடி ரொம்ப நாள் நிக்காது. பெரிய மெஷின்ல நமக்கு முன்கூட்டி எச்சரிக்கை கிடைக்க அவகாசம் இருக்குன்னா அது மைக்கா குடுக்கிற அவகாசம். சின்ன மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பச்சடி ஆறிப்போச்சு.

ஏப்ரல் 17

'அப்போ எல்லாரும் பிடி கருவி வாங்கணுமா, அதோட விலை என்னன்னு தெரியுமா' ன்னு ஒருத்தர் கோவமா எழுதியிருக்கார். வேண்டவே வேண்டாம். 3.3 கிலோவோல்ட்டுக்கு மேல மெஷின் இருக்கிற ஆலைக்குத்தான் அது பேச்சு. ஒவ்வொரு பேஸ் டெர்மினல்லயும் 80 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணை நிரந்தரமா மாட்டி விடுவாங்க. 50 ஹெர்ட்ஸ் அதுல நுழையாது, பொறியோட நானோசெகண்ட் துடிப்பு மட்டும் நுழைஞ்சு வெளிய வரும். மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்போது அளக்கலாம், அதான் அதோட அருமை. கனடால ஒன்டாரியோ ஹைட்ரோ 1970-கள்ல தன் நீர்மின் ஜெனரேட்டர்களுக்குன்னு வளர்த்த முறை இது.

அதுலயும் ஒரே ஒரு ரீடிங்கை வெச்சு யாரும் தீர்ப்பு எழுதறதில்லை. ஆறு மாசத்துல ரெட்டிப்பாச்சுன்னா கவலைப்படு, அதான் விதி. லோடு ஏத்தினா துடிப்பு பெருசாச்சுன்னா காயில் தளர்ந்திருக்கு, கரண்ட் கூடக் கூட ஆட்டம் கூடும் இல்லையா. லோடு மாத்தாம, சூடு ஏறும்போது துடிப்பு குறைஞ்சா காப்புக்குள்ள குமிழி: சூட்டுல காப்பு உப்பி குமிழி சுருங்குது. ஒரே கருவி, கேக்கத் தெரிஞ்சவனுக்கு ரெண்டு வேற பதில்.

சர்க்கரை ஆலை ஜெனரேட்டர் பாக்குறவங்க இங்க ரெண்டு பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்களுக்குத்தான் இது. அரவை முடிஞ்சு நிறுத்தறதுக்கு முன்னாடி, ஃபுல் லோடுல ஒரு ரீடிங், குறைச்ச லோடுல ஒரு ரீடிங். நின்னப்புறம் கேட்டா மெஷின் பதில் சொல்லாது.

ஏப்ரல் 17, இரவு

'முதல்ல பேரிங்கைப் பாருங்கய்யா' ன்னு ஒரு குரல். தப்பில்லை. அமெரிக்காவுல எப்ரிங்கிற மின்சார ஆராய்ச்சி நிறுவனம் 1980-கள்ல எடுத்த கணக்குல மோட்டார் பழுதுல 41 சதம் பேரிங், 37 சதம் ஸ்டேட்டர், அதாவது வைண்டிங் இருக்கிற சுத்தாத பாகம். ஆனா பேரிங் போனா சத்தம் போட்டுச் சாகும், எங்க வீட்டு மிக்ஸி மாதிரி. வைண்டிங் சத்தம் போடும்போது ஏற்கெனவே செத்திருக்கும்.

ஏப்ரல் 19

போட்டோ வந்துடுச்சு. தம்பி நல்லா எடுத்திருக்கார்.

வைண்டிங் முழுக்க வார்னிஷ் தேன் நிறத்துல அப்படியே இருக்கு. கடிகாரத்துல ரெண்டு மணி இருக்கிற இடத்துல ஒரே ஒரு காயில். நெத்தியில தாமிரம் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு உருண்டு நிக்குது, ஸ்லாட் வாய்ல இரும்பு கொஞ்சம் தின்னிருக்கு. லீடு போற வழியைப் பாருங்க: டெர்மினல்ல இருந்து வர்ற கம்பி நேரா அந்தக் காயில்லதான் முதல்ல நுழையுது.

முதல் காயில். அதனால ஒரே ஒரு கேள்வி. தம்பி, இந்த மோட்டாருக்கு டிரைவ், அதாவது வேகத்தை மாத்துற எலக்ட்ரானிக் பெட்டி, போட்டிருக்கீங்களா?

ஏப்ரல் 20

போட்டிருக்காங்க. போன வருஷம் சீசன் முடிஞ்சதும் மின்சாரம் மிச்சம்னு விஎஃப்டிங்கிற டிரைவ் மாட்டினாங்களாம். பேனல் ரூம்ல இருந்து கம்ப்ரசர் ஷெட் வரைக்கும் கேபிள் 80 மீட்டர். மோட்டார் அதே பழைய மோட்டார்.

இதை முதல் நாளே கேட்டிருக்கணும் நான்.

415 வோல்ட்டை டிரைவ் உள்ளுக்குள்ள டிசி ஆக்கும்போது அது 587 வோல்ட். அதை நறுக்கி நறுக்கி அனுப்புது. ஒவ்வொரு நறுக்கும் செங்குத்தா எழற அலை. நீளக் கேபிள்ல போய் மோட்டார் வாசல்ல மோதித் திரும்பும்போது அலையோட உயரம் ரெட்டிப்பாகலாம், 1170 வோல்ட் பக்கம். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. அதுவும் வைண்டிங் முழுக்கப் பரவாது. அலை ரொம்பச் செங்குத்துங்கிறதால முதல் காயில்லயே பெரும்பங்கு விழுந்துடும். கையால சுத்தின காயில்ல முதல் சுத்தும் கடைசிச் சுத்தும் ஸ்லாட்டுக்குள்ள பக்கத்துல பக்கத்துல விழுந்திருந்தா, அந்த ரெண்டு எனாமலுக்கு நடுவுல மொத்த அடியும். சின்ன மோட்டார்லயும் பொறி பறக்கறது இப்படித்தான். நான் மேல '3.3 கிலோவோல்ட்டுக்கு மேலதான் பிடி' ன்னு எழுதினது டிரைவ் இல்லாத காலத்துப் பேச்சு. அதையும் திருத்திக்கிறேன்.

இதைச் சொல்லியிருக்கக்கூடியது சர்ஜ் டெஸ்ட். கெப்பாசிட்டரை ஏத்தி சட்டுன்னு வைண்டிங்குக்குள்ள விட்டா அது மணி அடிச்ச மாதிரி அதிர்ந்து அடங்கும். மூணு பேஸ் அலையும் ஒண்ணு மேல ஒண்ணு படியணும். ஒரு பேஸ்ல சுத்து பலவீனமா இருந்தா அந்த அலை சட்டுன்னு இடம் மாறும். சோதனை அழுத்தம், வழக்கமா, ரெண்டு மடங்கு லைன் வோல்டேஜோட ஆயிரம் கூட்டு: 415-க்கு 1830 வோல்ட். ஓசூர், கோயம்புத்தூர்ல பெரிய ரீவைண்டிங் கடைக்காரங்ககிட்ட கருவி இருக்கு, வாடகைக்கு ஆளோட வருவாங்க. பழைய வைண்டிங்குக்கு இந்த அழுத்தம் குடுக்கணுமான்னு சண்டை உண்டு. நான் குறைச்சுக் குடுக்கற கட்சி.

சின்ன எச்சரிக்கை: டிரைவ் இருக்கிற மோட்டாருக்கு மெகர் போடும்போது டிரைவ் பக்கத்துக் கம்பியைக் கழட்டிட்டுப் போடுங்க. கழட்டாம போட்டு டிரைவையும் சேத்துக் கொன்னவங்க இந்த இழையிலயே இருக்காங்க, யாருன்னு சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 20, பிறகு

படுத்தும் தூக்கம் வரல. டிரைவ்தான் குற்றவாளின்னு ரொம்பச் சீக்கிரம் கை காட்டிட்டேனோன்னு இருக்கு. டிரைவ் மாட்டினது போன வருஷம் சீசன் முடிஞ்சு. அப்போ இருந்து மோட்டார் ஓடவே இல்லையே, ட்ரையல் மூணு நாளைத் தவிர. மூணே நாள்ல நல்ல எனாமல் சாகுமா? சாகலாம், ஏற்கெனவே சோர்ந்து போயிருந்தா. எது சோர வெச்சது? தம்பி, பழைய ரெஜிஸ்டர் ஏதாவது இருக்கா?

ஏப்ரல் 26

ரெஜிஸ்டர் கிடைச்சுடுச்சு. ஸ்டோர் ரூம்ல, ப்ரிக்ஸ் மீட்டர் டப்பாவுக்கு அடியில, மாங்கூழ் ஒட்டிப் பக்கம் பக்கமாப் பிரியாம. போன வருஷம் ஏப்ரல், இதே மோட்டார், இதே மெகர், நேரம் பகல் 2 மணி: 2000 மெகாஓம்.

போன வருஷம் 2000, இந்த வருஷம் 200. பத்துல ஒரு பங்கு. புத்தகப்படி பாஸ்.

அதுவும் முழுசு இல்லை. போன வருஷம் எடுத்தது பகல் ரெண்டு மணி. சித்திரை வெயில்ல அந்த ஷெட் 35 டிகிரின்னு வெச்சா, 40-க்கு மாத்தினது 1414. இந்த வருஷம் காலை 7 மணி, 25 டிகிரி, 40-க்கு மாத்தினது 71. இருபதுல ஒரு பங்கு. (இந்தத் தடவை பகல்லயே கணக்குப் போட்டேன், ரெண்டு தடவை சரிபாத்தேன்.)

முதல் நாள் 'மெகர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்' ன்னு பெருசா எழுதினேன். பாதிதான் சரி. சுத்து ஷார்ட்டை மெகர் பாக்காதுங்கிறது உண்மை. ஆனா இந்த வைண்டிங் ஈரம் குடிச்சு, அழுக்கு சேந்து, ஒரு வருஷத்துல இருபது மடங்கு சரிஞ்சு கிடந்ததை மெகர் அன்னிக்கே சொல்லியிருக்கு. 5-ஓட ஒப்பிட்டா 71 மலை. தன்னோட 1414-ஓட ஒப்பிட்டா பள்ளம். நாம ஒப்பிட்டது 5-ஓட.

ஈரம் எங்க இருந்து வந்துச்சு? ஆடி மாசத்தோட கூழ் ஆலை மூடினா அடுத்த வைகாசிக்குத்தான். அத்தனை மாசமும் மோட்டார் சும்மா. மழை, மார்கழிப் பனி, தளம் கழுவின தண்ணி ஆவி எல்லாம் உள்ளே. அதுக்குத்தானே ஸ்பேஸ் ஹீட்டர்னு ஒண்ணு உள்ளேயே வெச்சு அனுப்பறான். தம்பி போய்ப் பாத்தார். ஹீட்டரோட எம்சிபி சுவிட்ச் கீழே, ஆஃப்ல. மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சாம்: 'சீசன் இல்லாத நேரம் ஆஃப் பண்ணவும்.' யார் ஒட்டினதுன்னு கேக்கல, கேக்கவும் வேண்டாம்.

டிரைவா ஈரமா? ரெண்டும்னு நினைக்கிறேன். நனைஞ்ச சுவர்ல முட்டினது டிரைவ். அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

மே 2

தம்பியோட ஆலையில இன்னும் ரெண்டு மோட்டார் இதே மாதிரி ஹீட்டர் இல்லாம கிடந்திருக்கு. ரீடிங் 12-ம் 9-ம். எரியறதுக்குள்ள காய வைக்கலாமான்னு கேக்கறார். வைக்கலாம், வைக்கணும்.

ஹாலஜன் போட்டுச் சுடாதீங்க, ஒரே பக்கம் வறுத்து எடுக்கும். ரெண்டு எண்ட் கவரையும் திறந்து, 200 வாட் குண்டு பல்பு நாலு உள்ளே தொங்க விட்டு, மேல தார்ப்பாய் மூடி, ஈரம் போக மேல ஒரு ஓட்டை. வைண்டிங் 80 டிகிரியைத் தாண்ட விடாதீங்க, மெதுவா ஏத்துங்க. அவசரப்பட்டா உள்ளே ஈரம் ஆவியாகி வார்னிஷைக் கிழிச்சுடும். மணிக்கொரு தடவை ரீடிங் எழுதுங்க.

முதல் நாள் ரீடிங் ஏறாது. இறங்கும். 12 இருந்தது 4-க்குப் போகும். இங்கதான் நிறைய பேர் பயந்து பல்பை அணைச்சுடறாங்க. சூடு ஏறினா தடை இறங்கறது இயல்பு. அப்புறம் ஒரு நாள் அசையாமக் கிடக்கும், ஈரம் வெளிய வந்துக்கிட்டு இருக்கு. பிறகு, சூடு அப்படியே இருக்க, ரீடிங் தானா ஏற ஆரம்பிக்கும். ஏறி, சமமாகி, நாலஞ்சு மணி நேரம் அதே இடத்துல நின்னா காஞ்சுது. அம்மா வடாம் காய வைக்கும்போது நுனியைக் கிள்ளிப் பாப்பாங்களே, அந்தப் பொறுமை வேணும்.

பத்து நிமிஷ ரீடிங் எடுக்கறவங்களுக்கு: சுத்துற கை மெகர் வெச்சு பத்து நிமிஷம் ஒரே வேகத்துல சுத்தறது நடக்காத காரியம். நானும் இன்னொருத்தனும் மாறி மாறிச் சுத்தி, கை மாறும்போது முள் கீழே விழுந்து, திரும்ப முதல்ல இருந்து. பேட்டரி மெகர் வந்தது பெரிய விடுதலை. பெரிய ஹெச்டி வைண்டிங்குக்கு, பத்து நிமிஷம் ஏத்தினா நாற்பது நிமிஷம் எர்த்துல வெச்சு இறக்கணும், நாலு மடங்கு கணக்கு. ரெண்டு நிமிஷம் போதும்னு ஒருநாள் நான் தொட்டேன். சோதனை முடிஞ்சப்புறமும் காப்புக்குள்ள ஊறின மின்னூட்டம் மெல்ல மெல்ல வெளிய வரும்னு என் முழங்கைக்கு அன்னிக்குப் புரிஞ்சுது.

மே 6

இல்லை, உப்பைக் கட்டி உள்ளே வெச்சா வைண்டிங் காயாது. தாமிரம்தான் பச்சை பிடிக்கும். யார் சொல்லிக் குடுத்தது இதை?

மே 9

கிரானைட் அறுக்கிற பட்டறைக்காரர் கேட்டதுக்குத் தனியா ஒரு இழை போடணும், அங்க விவகாரம் வேற: ஈரமும் கல்மாவும் சேந்து குழம்பா காத்து வழியை அடைச்சுடும், மோட்டார் சூட்டுலயே சாகும். காப்பு தாங்கற அளவைவிடப் பத்து டிகிரி கூட ஓடினா ஆயுசு பாதி. இப்போதைக்கு ஃபேன் கவரைக் கழட்டிக் கழுவுங்க, வைண்டிங்கை இல்லை.

மே 18

எரிஞ்ச மோட்டார் காயில் கட்டி வந்துடுச்சாம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல சோக் ஒண்ணு போட முதலாளி ஒத்துக்கிட்டார், அலை உச்சியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். இந்தத் தடவை டிரைவுக்குத் தாங்கற எனாமல் கம்பி கேட்டு வாங்கிக் கட்டியிருக்காங்க. காய வெச்ச ரெண்டு மோட்டாரும் ஏறிடுச்சு. ஹீட்டர் எம்சிபி மேலே, அதுக்குப் புதுச் சீட்டு: 'எப்பவும் ஆன்.' முதல் பெங்களூரா மாம்பழ லோடு இறங்கறதுக்கு ஒரு வாரம்தான் இருக்கு.

புது நோட்டோட முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். கோடு போட்டு, கட்டம் பிரிச்சு, மோட்டார் எண், தேதி, நேரம், மெகர் வோல்டேஜ், ஒரு நிமிஷம், பத்து நிமிஷம், ஈரப்பதம், கையெழுத்து. கையெழுத்து அழகா இருக்கு.

தம்பி, டிகிரி கட்டம் எங்க?